கடைக்கு இடம் பார்க்கும் நாம் கல்விக்கு இடம் பார்க்கிறோமா?

 

 

நாம் ஊர்விட்டு ஊர் சென்று பிழைக்கும் சமூகத்தினர். கடல் கடந்து வந்த நம் முன்னோர் பினாங்கில் கால் ஊன்றினர். அவர்கள் மக்கள் ஈப்போவிலும் கிள்ளானிலும் கடை வைத்தனர். பேரர்கள் இன்று சிரம்பானிலும் ஜொகூர் பாருவிலும் புதிய வீடமைப்புப் பகுதிகளிலும் கிளை திறக்கின்றனர். இது அல்லாஹுத் தஆலா நமக்குச் செய்த பேருபகாரம். எனினும், ஒவ்வொரு முறை நாம் குடி பெயரும்போதும் நம்மோடு ஒரு சிறு பிள்ளையும் புத்தகப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு புறப்படுகிறது. அப்பிள்ளையைப் பற்றியே இன்று சில வார்த்தைகள் கூற விரும்புகிறோம்.

கடைக்கு இடம் தேடும்போது நாம் எவ்வளவு விசாரிக்கிறோம்! காலையில் போய்ப் பார்க்கிறோம். இரவில் மறுபடியும் போய்ப் பார்க்கிறோம். பஸ் நிற்கும் இடம் எங்கே, தொழிற்சாலை ஆட்கள் எவ்வழியாக நடந்து வருகிறார்கள், பக்கத்துக் கடைக்காரர் யார், முன்பு அங்கே கடை வைத்திருந்தவர் ஏன் மூடினார் என்றெல்லாம் மாதக் கணக்கில் கேட்கிறோம். வாடகை முன்பணம் கொடுப்பதற்கு முன் பத்துப் பேரிடம் ஆலோசனை கலக்கிறோம். அதே ஊரில் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் பார்ப்பதோ, பெரும்பாலும் ஒரு மதியப் பொழுதின் வேலையாக முடிந்துவிடுகிறது. "பக்கத்தில் எது இருக்கிறதோ அதில் சேர்" என்கிறோம். அல்லது "எல்லாரும் அந்தப் பள்ளிக்கூடம்தான் நல்லது என்கிறார்கள்" என்கிறோம். கடையில் நட்டம் வந்தால் இடத்தை மாற்றிக்கொள்ளலாம். பிள்ளையின் ஏழு வயது முதல் பன்னிரண்டு வயது வரையிலான ஆறு ஆண்டுகள் போய்விட்டால் அவற்றை எந்தக் கொள்முதலிலும் திரும்ப வாங்க இயலாது.

இப்ராஹீம் நபியின் வரிசை

குடும்பத்தைப் புதிய இடத்தில் குடியமர்த்துவது எவ்வாறு என்பதைத் திருமறை நமக்குக் கற்பிக்கிறது. இப்ராஹீம் அத்தியாயத்தின் 37 ஆவது வசனத்தைச் சிந்தித்துப் பாருங்கள். ஹஸரத் இப்ராஹீம் (அலை) அவர்கள் தம் மனைவியையும் பால்குடி மகனையும் விவசாயமற்ற ஒரு பள்ளத்தாக்கில், அல்லாஹ்வின் புனித ஆலயத்தின் அருகே அமர்த்திவிட்டு இறைவனிடம் கையேந்துகிறார்கள். அவர்கள் எதை முதலில் கேட்டார்கள்? தம் சந்ததியினர் தொழுகையை நிலைநிறுத்த வேண்டும் என்பதை முதலில் வைத்தார்கள். மனிதர்களின் உள்ளங்கள் அவர்கள்பால் சாய வேண்டும் என்பதை இரண்டாவதாகக் கேட்டார்கள். கனிவர்க்கங்களால் அவர்களுக்கு உணவளிக்க வேண்டும் என்பதை மூன்றாவதாகக் கேட்டார்கள்.

முதலில் தொழுகை, அடுத்து நல்ல மனிதர்களின் உறவு, அதன் பிறகே ரிஸ்கு. தண்ணீரும் பயிருமில்லாத இடத்தில் நின்றுகொண்டு ஒரு தந்தை வகுத்த வரிசை இது! நமது வரிசையோ பல வேளைகளில் தலைகீழாக இருக்கிறது. ரிஸ்கு எங்கே கிடைக்கும் என்று முதலில் பார்க்கிறோம். அது கிடைத்த பிறகு அண்டை அயலாரைப் பார்க்கிறோம். பிள்ளையின் தொழுகைக்கும் ஓதலுக்கும் வழி இருக்கிறதா என்பதைக் கடைசியில், சில வேளை கடை திறந்து ஓராண்டு கழித்து, விசாரிக்கிறோம். ரிஸ்கைத் தேடுவது ஆகாது என்று நாம் சொல்லவில்லை. இப்ராஹீம் நபியும் அதைக் கேட்டார்களல்லவா? ஆனால் அதை அதன் இடத்தில் வைத்துக் கேட்டார்கள்.

ஏழு வயது

இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். பிள்ளைகளுக்கு ஏழு வயதாகும்போது தொழுகையை ஏவுங்கள் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பணித்திருப்பதை அபூதாவூதில் காண்கிறோம். இந்நாட்டில் ஒரு பிள்ளை முதலாம் ஆண்டில் காலெடுத்து வைப்பதும் வழக்கமாக ஏழு வயதாகும் ஆண்டிலேதான். 2003 ஆம் ஆண்டு முதல் ஆரம்பக் கல்வி சட்டப்படி கட்டாயமாகவும் ஆகிவிட்டது. ஆகவே அரசாங்கம் பிள்ளையைக் கேட்கும் வயதும், மார்க்கம் தந்தையைக் கேட்கும் வயதும் ஒன்றாக வந்து நிற்கின்றன. பள்ளிக்கூடத்துச் சீருடை தைக்கக் கொடுக்கும் அதே வாரத்தில் தொழுகை விரிப்பு ஒன்றையும் வாங்க வேண்டியவர்கள் நாம். 'பள்ளி' என்ற ஒரே சொல்லை நம் மக்கள் தொழும் இடத்திற்கும் படிக்கும் இடத்திற்கும் வழங்கி வந்ததில் ஒரு பொருத்தம் இருக்கிறது.

தத்தம் பொறுப்பிலுள்ளவர் பற்றி ஒவ்வொருவரும் விசாரிக்கப்படுவர் என்பது புகாரியிலும் முஸ்லிமிலும் வரும் பிரசித்தமான நபிமொழியின் கருத்து. அந்த விசாரணையில், "பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டேன், ஆசிரியர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்றிருந்தேன்" என்னும் பதில் செல்லுமா? கல்லாவை வேலைக்காரரிடம் ஒப்படைத்தாலும் இரவில் கணக்குப் பார்ப்பவர் முதலாளியல்லவா?

எந்தப் பள்ளிக்கூடம்?

"அப்படியானால் எந்தப் பள்ளிக்கூடம் நல்லது? அதைச் சொல்லுங்கள்" என்று நம் சகோதரர்கள் கேட்கிறார்கள். தேசியப் பள்ளிக்கூடம், தமிழ்ப் பள்ளிக்கூடம், சீனப் பள்ளிக்கூடம் என மூன்றும் நம் முன்னே உள்ளன. ஒவ்வொன்றிலும் ஓர் இலாபம் உண்டு. ஒவ்வொன்றிலும் ஒரு குறை உண்டு.

தேசியப் பள்ளிக்கூடத்தில் மலாய் மொழி நன்கு வரும். இஸ்லாமியப் பாடம் முறையாக உண்டு. 2005 ஆம் ஆண்டில் தொடங்கிய ஜே-காஃப் திட்டத்தின் மூலம் ஜாவி எழுத்து, குர்ஆன், அரபு மொழி, பர்ளு ஐன் ஆகியவற்றைக் கற்பிக்கும் ஏற்பாடும் வந்தது. ஆனால் அங்கே படிக்கும் நம் பிள்ளை தமிழ் எழுத்தறியாமலே வளர்ந்துவிடக்கூடும். பாட்டியார் சொல்லும் நபிமார் சரித்திரம் காதில் விழும். தமிழில் அச்சான மார்க்க நூலோ அதற்குப் பூட்டிய பெட்டியாகிவிடும். உமறுப் புலவரின் சீறாப்புராணத்தைப் பெயரளவில்கூட அறியாத பிள்ளைகள் நம் இல்லங்களில் இருக்கிறார்கள்.

தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் தாய்மொழி வேரூன்றும். பெரும்பாலும் பிள்ளைகள் தொகை குறைவாக இருப்பதால் ஆசிரியருக்கு ஒவ்வொரு பிள்ளையின் பெயரும் குணமும் தெரியும். ஆனால் நம் பிள்ளை அங்கே ஒன்றிரண்டு முஸ்லிம் பிள்ளைகளில் ஒன்றாக இருந்துவிடலாம்; மார்க்கப் பாடத்திற்கு வழி இல்லாமல் போகலாம்.

சீனப் பள்ளிக்கூடத்தில் கணக்கும் கட்டுப்பாடும் கிடைக்கும். நாளை மொத்தச் சரக்கு எடுக்கப் போகும்போது பயன்படும் மொழியும் வரும். ஆனால் வீட்டில் எவருக்கும் தெரியாத மொழியில் பிள்ளை வீட்டுப்பாடம் செய்ய வேண்டும். மலாய், தமிழ், குர்ஆன் ஓதல் ஆகிய மூன்றுக்கும் அதன் பொழுதில் என்ன மிஞ்சும் என்று எண்ண வேண்டும்.

ஆகவே, குறையற்ற பள்ளிக்கூடத்தைத் தேடி அலைவதில் பயனில்லை. நாம் சொல்ல விரும்புவது இதுவே: எந்தப் பள்ளிக்கூடத்தின் குறையை நம்மால் வீட்டிலும் ஜமாஅத்திலும் நிரப்ப முடியுமோ, அதுவே நமக்கு ஏற்ற பள்ளிக்கூடம். தாயார் தமிழை நன்கு எழுதப் படிக்கத் தெரிந்தவராயின் தேசியப் பள்ளிக்கூடத்தின் குறை அவ்வீட்டில் நிரம்பிவிடும். பக்கத்துச் சூராவில் நல்ல உஸ்தாது இருந்தால் தமிழ்ப் பள்ளிக்கூடத்தின் குறை நிரம்பிவிடும். இரண்டும் இல்லாத வீட்டார் ஊர்ப் பேச்சை நம்பித் தேர்ந்தெடுத்தால் குறை குறையாகவே நின்று, பிள்ளையோடு வளர்ந்துவிடும்.

மாற்று மதத்து ஆசிரியரிடம் பிள்ளை கற்பதா என்று தயங்குவோருக்கு ஒரு வார்த்தை. பத்ருப் போரில் சிறைப்பட்டவர்களில் எழுதப் படிக்கத் தெரிந்து, பணமில்லாதிருந்தோர், மதீனாவின் சிறுவர்களுக்கு எழுத்துக் கற்பிப்பதையே விடுதலைப் பொருளாக நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஏற்றுக்கொண்டதாகவும், ஒருவருக்குப் பத்துச் சிறுவர்கள் என்று கணக்கு வைத்ததாகவும் சரித்திர நூல்கள் கூறுகின்றன. நேற்று வாளேந்தி வந்தவர் இன்று எழுத்தாணி பிடித்துக் கற்பித்தார்! ஹஸரத் ஸைத் பின் ஸாபித் (ரலி) அவர்களை யூதர்களின் எழுத்தைக் கற்கும்படி பெருமானார் பணித்தார்கள்; அரை மாதத்திற்குள் அவர் அதைக் கற்றார். எழுத்தையும் கணக்கையும் எவரிடமும் கற்கலாம். ஈமானை ஊட்டும் வேலை மட்டும் நம்முடையது.

விசாரிக்க வேண்டியவை

புதிய ஊரில் வீடு பிடிப்பதற்கு முன்பே சில விஷயங்களை விசாரித்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, தூரம். காலை ஏழரை மணியளவில் தொடங்கும் பள்ளிக்கூடத்திற்கு ஒரு மணி நேரம் வேனில் போகும் பிள்ளை எத்தனை மணிக்கு எழும்? மதியம் திரும்பி, உண்டு, பிற்பகல் ஓதல் வகுப்புக்கு எந்தத் தெம்போடு போகும்? பேர் பெற்ற பள்ளிக்கூடம் என்று தொலைவில் சேர்த்து, அதன் விளைவாகக் குர்ஆன் ஓதல் நின்றுபோன வீடுகள் உண்டு. அண்மை என்பதும் மார்க்கத்திற்குத் துணை செய்யும் ஒரு சௌகரியமே.

இரண்டாவது, பிற்பகல் ஓதல். மார்க்க விவகாரம் இந்நாட்டில் மாநிலங்களின் கையில் உள்ளது. ஜொகூரில் மாநிலத்தின் மதப் பள்ளிக்கூடங்கள் நெடுங்காலமாக நடந்து வருகின்றன. பிள்ளைகள் அரை நாள் பொதுப் பள்ளிக்கூடத்திற்கும் அரை நாள் அங்கும் போகிறார்கள். வேறு மாநிலங்களில் 'காஃபா' வகுப்புகள் உண்டு. ஒரு மாநிலத்தில் பாதி படித்த பிள்ளை மறு மாநிலத்தில் எந்த வகுப்பில் சேரும் என்பதை முன்னரே கேட்டுக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது, பள்ளிக்கூடத்தின் பேர். "அங்கே எத்தனைப் பிள்ளைகள் எல்லாப் பாடங்களிலும் 'ஏ' வாங்கினார்கள்?" என்று கேட்டுப் பழகியவர்கள் நாம். ஆறாம் ஆண்டு யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021 ஆம் ஆண்டில் எடுக்கப்பட்டுவிட்டது. பழைய புகழை வைத்து இன்றைய நிலையை மதிப்பிட இயலாது. அதைவிட, பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் வாசலில் சற்று நில்லுங்கள். பிள்ளைகள் ஆசிரியருக்கு ஸலாமோ வணக்கமோ சொல்லிப் போகிறார்களா, பெரிய பிள்ளைகள் சிறியவர்களை எப்படி நடத்துகிறார்கள், சிற்றுண்டிச்சாலையில் ஹலாலான உணவு கிடைக்கிறதா என்பதைக் கண்ணால் பாருங்கள். சரக்கைத் தொட்டுப் பார்த்து வாங்கும் வியாபாரிக்கு இதைக் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை.

நான்காவது, காலம். முதலாம் ஆண்டுப் பதிவை முன்கூட்டியே செய்ய வேண்டும். பிறப்புச் சான்றிதழும், வீட்டு முகவரிக்கு அத்தாட்சியும் வேண்டும். கடை முகவரியில் எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு, வீட்டுக்குத் தம் பெயரில் ஒரு பில்கூட இல்லாமல் கடைசி நேரத்தில் திண்டாடுவோர் நம்மில் உண்டு. நடுவகுப்பில் மாறும் பிள்ளையாயின் பழைய பள்ளிக்கூடத் தலைமையாசிரியரையும் மாவட்டக் கல்வி இலாகாவையும் கடை திறப்பு நாளுக்கு முன்பே கண்டுகொள்ளுங்கள்.

ஐந்தாவது, பெண் பிள்ளைகள். மகனுக்கு ஒரு விசாரணையும் மகளுக்கு "எங்கேயாவது போகட்டும்" என்பதும் நீதியாகாது. நாளை ஒரு வீட்டின் முதல் மதரஸாவாக இருக்கப் போகிறவள் அவளே.

ஐந்தும் பதினைந்தும்

வணிகப் பெருமக்களே! கணக்கில் தேர்ந்த நாம் இரண்டு எண்களை மனத்தில் எழுதிக்கொள்ள வேண்டும். 1996 ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின்படி, ஒரு கல்விக்கூடத்தில் 5 அல்லது அதற்கு மேற்பட்ட முஸ்லிம் பிள்ளைகள் இருந்தால் அவர்களுக்கு இஸ்லாமிய மார்க்கப் பாடம் கற்பிக்கப்பட வேண்டும். அதே சட்டத்தில், தேசியப் பள்ளிக்கூடத்தில் குறைந்தது 15 பிள்ளைகளின் பெற்றோர் கேட்டுக்கொண்டால் தமிழ் மொழி கற்பிக்க வசதி செய்யப்பட வேண்டும் என்றும் உள்ளது.

இதன் பொருள் என்ன? தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் நம் பிள்ளை தனியே இருந்தால் அது தனிப் பிள்ளை. நான்கு குடும்பங்கள் பேசி வைத்துக்கொண்டு ஐந்து பிள்ளைகளை ஒரே பள்ளிக்கூடத்தில் சேர்த்தால் அங்கே மார்க்கப் பாடம் கேட்கும் உரிமை பிறக்கிறது. தேசியப் பள்ளிக்கூடத்தில் ஒருவர் போய்த் தமிழ் வகுப்புக் கேட்டால் தலைமையாசிரியர் என்ன செய்வார்? பதினைந்து பிள்ளைகளின் பெற்றோர் கையொப்பமிட்டுக் கேட்டால் அது சட்டம் கவனிக்கும் கோரிக்கை. ஆசிரியரைத் தேடி அமர்த்தச் சில காலம் பிடிக்கலாம். மனந்தளராது தொடர்ந்து கேட்க வேண்டும். நாமோ ஒரே வீதியில் நான்கு கடை வைத்திருக்கிறோம். போட்டியின் காரணமாக ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல் பிள்ளைகளை வெவ்வேறு பள்ளிக்கூடங்களுக்கு அனுப்புகிறோம். எண்ணிக்கை இருந்தும் எண்ணப்படாமல் போகிறோம். கடையில் போட்டி இருக்கட்டும். பிள்ளைகள் விஷயத்திலாவது நாம் பங்காளிகளாக இருக்கக் கூடாதா?

ஆகவே, புதிய ஊருக்குப் போகிறவர் முதல் ஜும்ஆ அன்று தொழுகை முடிந்ததும் செருப்பைத் தேடி ஓடாமல், நம்மவர் யார் யார், அவர்கள் பிள்ளைகள் எங்கே படிக்கிறார்கள் என்று கேட்பாராக. அங்கே முன்பே இருப்பவர்கள், புதிதாக வந்தவரின் வீட்டைத் தேடிப் போய் இதைச் சொல்வார்களாக. மனிதர்களின் உள்ளங்கள் சாய வேண்டும் என்று இப்ராஹீம் நபி கேட்டதில் நமக்குரிய பங்கு இதுதான்.

இத்தகைய கூட்டு முயற்சி நம் சமூகத்திற்குப் புதிதன்று. சிங்கப்பூரில் உழைத்துப் பிழைத்த கடையநல்லூர் முஸ்லிம்கள் தங்கள் முஸ்லிம் லீக் சங்கத்தின் மூலம் 1946 ஆம் ஆண்டில் உமறுப் புலவர் தமிழ்ப் பாடசாலையை நிறுவினர். 1960 ஆம் ஆண்டில் அது உயர்நிலைப் பள்ளியாகவும் உயர்ந்தது. காலம் மாறியது, 1982 ஆம் ஆண்டில் அது மூடப்பட்டது. எனினும் உமறுப் புலவர் தமிழ்மொழி நிலையம் என்ற பெயரில் அப்பெயர் அந்நாட்டில் இன்றும் வழங்கி வருகிறது. அவர்கள் ஒரு பள்ளிக்கூடத்தையே எழுப்பினார்கள். நம்மிடம் கேட்கப்படுவது ஒரு வகுப்பு, ஒரு கையொப்பம், பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் ஒரு நாற்காலி.

பிள்ளையின் மனம்

இன்னொரு விஷயம். ஊர் மாறும்போது நமக்குப் புதுக் கடை கிடைக்கிறது; பிள்ளைக்கோ பழைய தோழர்கள் போய்விடுகிறார்கள். "சின்னப் பிள்ளைதானே, இரண்டு நாளில் மறந்துவிடும்" என்று நாம் ஒதுக்கிவிடுகிறோம். ஒரு சிறுவர் வளர்த்த சின்னஞ்சிறு குருவி இறந்தபோது, நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அச்சிறுவரை அபூ உமைர் என்று அன்போடு அழைத்து, குருவியைப் பற்றிக் கேட்டதைப் புகாரியில் காண்கிறோம். ஒரு சமுதாயத்தின் பாரத்தையே சுமந்த பெருமானாருக்கு ஒரு குழந்தையின் குருவியைக் கேட்க நேரம் இருந்தது. நம் பிள்ளையிடம், "உன் கூட்டாளி பேரென்ன? அவனை விட்டுப் போவது வருத்தமாக இருக்கிறதா?" என்று கேட்க நமக்கு நேரமில்லையா? புறப்படுமுன் பிள்ளையையும் அழைத்துச் சென்று புதுப் பள்ளிக்கூடத்தைக் காட்டுங்கள். பழைய ஆசிரியரிடம் விடைபெறச் செய்யுங்கள். நன்றி சொல்லிப் பிரியக் கற்பதும் கல்வியே.

நாம் தர வேண்டிய அரை மணி

இறுதியாக, நம்மில் பலருக்குக் கசப்பான ஒரு விஷயம். கடை அடைத்து நாம் வீடு திரும்பும்போது பிள்ளை தூங்கிவிடுகிறது. பிள்ளை பள்ளிக்கூடம் புறப்படும்போது நாம் தூங்குகிறோம். ஒரே கூரையின் கீழ் இருந்தும் ஒருவரையொருவர் கண் திறந்து காண்பதில்லை. இந்நிலையில் எவ்வளவு உயர்ந்த பள்ளிக்கூடத்தைத் தேர்ந்தெடுத்து என்ன பயன்? லுக்மான் (அலை) அவர்கள் தம் மகனுக்குச் சொன்ன உபதேசத்தைத் திருமறை எடுத்துக் காட்டுகிறது. இணை வையாமை, தொழுகை, பொறுமை, பணிவான நடை, தாழ்ந்த குரல் என்று அவர் கற்பித்த பாடங்களைப் பாருங்கள். இவற்றை எந்த ஆசிரியரிடமும் ஒப்படைக்காமல், "என் அருமை மகனே!" என்று விளித்துத் தாமே அமர்ந்து கற்பித்தார்.

சுபுஹுத் தொழுகைக்குப் பிறகு பள்ளிக்கூடம் புறப்படும் வரை அரை மணி. அல்லது மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடையே அரை மணி. அந்த மாலை வேளை கடையில் கூட்டம் நெரியும் வேளை என்பதை நாம் அறிவோம். அதனாலேயே அதற்கு மதிப்பு இருக்கிறது. அந்த அரை மணி கல்லாவை நம்பிக்கையான ஒருவரிடம் கொடுங்கள். பிள்ளையை அருகில் அமர்த்தி, அன்று என்ன படித்தாய் என்று கேளுங்கள்; ஒரு சூராவை ஓதச் செய்யுங்கள்; தமிழில் ஒரு பக்கம் வாசிக்கச் செய்யுங்கள். அந்த அரை மணியில் சில வெள்ளி குறையலாம். நாம் இவ்வுலகை விட்டுப் பிரிந்த பிறகும் நமக்காகக் கையேந்தப் போகிற பிள்ளைக்காகக் கொடுத்த வெள்ளி நட்டக் கணக்கில் சேருமா?

அருமைச் சகோதரர்களே! அடுத்த முறை கடைக்கு இடம் பார்க்கப் போகும்போது, அன்றே அவ்வூரின் பள்ளிவாசலையும் பள்ளிக்கூடத்தையும் பார்த்து வாருங்கள். அங்குள்ள நம் குடும்பங்களை எண்ணுங்கள். பள்ளிக்கூடத்தின் குறையைக் கண்டு, அதை ஏற்று நிரப்புவதற்கு நிய்யத்து வைத்து, அதன் பிறகு முன்பணம் கொடுங்கள்.

யா அல்லாஹ்! நாங்கள் போய்த் தங்கும் ஊர்களிலெல்லாம் எங்கள் மக்களைத் தொழுகையை நிலைநிறுத்துவோராக ஆக்கி வைப்பாயாக! நல்லோரின் உள்ளங்களை அவர்கள்பால் சாயச் செய்வாயாக! எங்கள் வியாபாரத்தில் ஹலாலான பரக்கத்தைத் தந்து, அது எங்கள் பிள்ளைகளை எங்களிடமிருந்து பிரித்துவிடாமல் காப்பாயாக! ஆமீன்.